அட்டை எரிமலையா, நிழல் இல்லா நண்பகலா? எங்கள் சனிக்கிழமைப் பள்ளியின் ஆறாயிரம் ரூபாய்

மொரீஷியஸில், ரோஸ்ஹில் ஊரில் கோயிலை ஒட்டிய கூடத்தில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தோரு பிள்ளைகள். நாலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே கூடத்தில்தான். வருகிற ஆண்டிலிருந்து தமிழோடு கொஞ்சம் அறிவியலும் சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழு ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

"அந்தக் காசுல பிள்ளைங்கள ஏதாவது போட்டிக்கு அனுப்புங்க மிஸ், பள்ளிக்குப் பேர் வரும்" என்றார் பொருளாளர். "போட்டி எதுக்கு? பொங்கல், காவடி, புயல்னு அந்தந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி வகுப்புலயே செய்யலாமே" என்றார் செயலாளரம்மா. முடிவை என் தலையில் கட்டிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்; இரண்டிலும் சொதப்பியும் இருக்கிறேன். இதே இடத்தில் நிற்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்றுதான் இந்த ஒப்பீடு.

முதலில் வினாடி வினா. செலவே இல்லை, ஒரு மணியும் ஒரு கேள்வித்தாளும் போதும். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். மொரீஷியஸின் உயரமான சிகரம் 828 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மேட்டு நிலமான கியூர்பிப்பில் மழை கொட்டும்போது மேற்கே ஃபிளிக்கான்ஃபிளாக் கடற்கரையில் ஏன் வெயில் காய்கிறது என்று கேட்டால் முழிப்பான். அவனுக்கு இன்னும் நூறு விடைகளைப் பாடம் பண்ண வைக்க எனக்கு மனமில்லை. ஆண்டு விழாவில் பத்து நிமிடம் நடத்தலாம், அவ்வளவுதான்.

அடுத்தது காணொளிப் போட்டி. 2015-இல் தொடங்கிய 'பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச்' பலருக்குத் தெரிந்திருக்கும். 13 முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் அறிவியலிலோ கணிதத்திலோ ஒரு கடினமான கருத்தைச் சின்னப் படமாக விளக்க வேண்டும். வென்றவருக்குப் படிப்புக்கு 2,50,000 டாலர், ஆசிரியருக்கு 50,000 டாலர், பள்ளி ஆய்வகத்துக்கு 1,00,000 டாலர். தொகையைக் கேட்டதும் பொருளாளரின் கண்கள் விரிந்தன. ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவியும் படங்களோடு மோத வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயதே வரவில்லை. ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஒரு கருத்தைச் சில நிமிடங்களுக்குள் சொல்லிப் பார்த்தால் எது புரியவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். பரிசை மறந்துவிட்டு, போனில் எடுத்து வகுப்பிலேயே போட்டுக் காட்டினாலும் அந்தப் பலன் கிடைக்கும்.

உண்மையான மோதல் செயல்திட்டப் போட்டிக்கும் பருவ வேலைகளுக்கும்தான்.

போட்டியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 2020 ஜூலை 25-ஆம் தேதி வாகாஷியோ கப்பல் புவான்ட் டெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறி நின்றதும், ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்ததும், ஏறக்குறைய ஆயிரம் டன் கடலில் கலந்ததும் இந்தத் தீவில் யாருக்கும் மறக்காது. மாஹேபூர் கரையில் சனங்கள் துணிக்குழாய் தைத்து, கரும்புச் சோகையை அடைத்து, மிதப்பதற்குப் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. அதிலிருந்துதான் எங்கள் பிள்ளைகள் நால்வருக்குக் கேள்வி பிறந்தது. சோகை, தேங்காய் நார், முடி, பழைய துணி இவற்றில் எது அதிக எண்ணெயை உறிஞ்சும்?

பேசின் தண்ணீரில் சமையல் எண்ணெயை ஊற்றி, ஒவ்வொன்றையும் முக்கி எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்தார்கள். சோகை ஜெயித்தது. ஒரே கொண்டாட்டம். மறு வாரம் மூத்த பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "மிஸ், நாங்க நிறுத்தது எண்ணெயை மட்டும் இல்ல, தண்ணியையும் சேர்த்து." சோகையை வெறும் தண்ணீரில் முக்கி எடுத்தாலும் எடை கூடுகிறது என்று வீட்டில் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு எண்ணெய் மிதக்கும் தண்ணீர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சோகைக்கும் நாருக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிப்போனது.

போட்டி நாளில் நடுவர் வந்தார். எந்தப் போட்டி என்பது இங்கே முக்கியமில்லை. "இதில் புதுமை என்ன?" என்று கேட்டார். அந்தப் பெண் உள்ளதைச் சொன்னாள்: "எங்க முதல் அளவு தப்பு சார். அதக் கண்டுபிடிச்சுத் திருத்தினோம்." அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே சிவப்பு விளக்கு மினுங்கும், கடையில் கொடுத்துச் செய்ததுபோல் பளபளக்கும் ஓர் எரிமலை புகைந்துகொண்டிருந்தது. பரிசு அதற்குத்தான். திரும்பும்போது மெட்ரோவில் யாரும் பேசவில்லை.

அளவில் தப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் தீவிலேயே ஒரு கதை இருக்கிறது. தம்பலாக்கோக் மரத்தின் கொட்டை டோடோ பறவையின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும், டோடோ அழிந்ததால்தான் மரமும் அழிகிறது என்று ஸ்டான்லி டெம்பிள் 1977-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். ஏழு நொறுங்கின, மிச்சம் பத்தில் மூன்று முளைத்தன. அழகான கதை, இன்றும் பள்ளிகளில் சொல்கிறார்கள். ஆனால் வான்கோழிக்குப் போகாத கொட்டைகளைப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே என்று பிறகு மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். பெரிய இதழில் வந்த ஆய்விலேயே விட்டுப்போன ஒன்றை என் மாணவி சமையலறைத் தராசை வைத்துப் பிடித்திருக்கிறாள். அதற்கு மதிப்பெண் போட அன்றைய தாளில் கட்டம் இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கக் கூடாது. போட்டி கொடுத்த ஒன்றை வேறு எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை: ஒரு கடைசித் தேதி. தேதி இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அதே சோகையை நிறுத்திருக்க மாட்டாள். அம்மாவுக்கோ எனக்கோ அல்லாமல் முன்பின் தெரியாத ஒருவருக்கு விளக்க வேண்டும் என்ற பயமும் அவளுக்கு நல்லதைத்தான் செய்தது. நடுவர் நல்லவராக வாய்த்தால் அந்த ஐந்து நிமிடம் ஒரு வருஷப் பாடத்துக்குச் சமம். பெல் வில்லேஜில் 2004-இல் திறந்த ராஜீவ் காந்தி அறிவியல் மையம் இருக்கிறது. போட்டி இல்லாவிட்டாலும் பிள்ளைகளை அங்கே ஒரு நாள் அழைத்துப் போகலாம். கையால் தொட்டு இயக்கிப் பார்க்கும் சாமான்கள் நிறைய.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். முப்பத்தொரு பேரில் போட்டிக்குப் போனது நாலு பேர். மற்ற இருபத்தேழு பேர் அந்த மூன்று மாதமும் என்ன செய்தார்கள்? ஒன்றுமில்லை. நான் அந்த நால்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இனி பருவ வேலைகள். இதிலும் ஏமாற்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் பல வகுப்பறைச் சுவர்களைப் பாருங்கள். பஞ்சை ஒட்டிய பனிமனிதன், வெள்ளைத் தாளில் வெட்டிய பனித்துகள். வெளியே ஃபிளாம்போயன் மரம் சிவப்பாய்ப் பற்றி எரிகிறது, தெருமுனையில் லிச்சிக் கொத்து விற்கிறார்கள், உள்ளே பனி பெய்கிறது! வேறு யாருடைய பருவத்தையோ அச்செடுத்து ஒட்டுவது அது. நம்மவர்கள் மட்டும் என்ன, பொங்கல் என்றால் பானைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டுக் கை கழுவிவிடுவோம். அது கைவேலை, நானும் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

தமிழ்நாட்டில் அச்சான பாடங்களை அப்படியே எடுத்தாலும் இங்கே தடுக்கும். தை என்றால் அங்கே பனிக்காலம். நமக்கோ தை பிறப்பது நடுக்கோடையில், புயல் வார்னிங்குக்கு நடுவில். 2024 ஜனவரி 15, பொங்கலன்று, பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. இங்கே ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். 'நண்பகல் சூரியன் தெற்கே' என்று படித்த பிள்ளை கோயில் வாசலில் நின்று திசையைத் தொலைப்பான்.

இந்தக் குழப்பத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பொங்கல் பால். தண்ணீர் கொதித்தால் குமிழ் உடைந்துபோகிறது, பால் மட்டும் ஏன் பொங்கி வழிகிறது? பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழைச் சுற்றிப் படலம் கட்டுகின்றன, குமிழ் உடையாமல் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறுகிறது. இதை நான் சொல்லவில்லை. ஒரே அளவுத் தண்ணீர், பால், தண்ணீர் கலந்த பால், மூன்று பாத்திரம், ஒரே அடுப்பு. எது எந்த உயரம் ஏறுகிறது என்று வெளிச்சுவரில் சாக்பீஸ் கோடு. குறுக்கே ஒரு மரக்கரண்டி வைத்தால் என்ன ஆகிறது என்று இன்னொரு முறை. எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று பெரியவர்கள் பார்த்தார்கள். பானை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பையன் குனிந்து பார்த்தான். அடுத்த பானைக்கு அடியில் மட்டம் பார்க்கக் கோலிக்குண்டு வைத்தவனும் அவன்தான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதே நாளில் செய்யக்கூடியது. மஞ்சள் தடவிய தாளைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்தால் சிவப்பு, எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று வீட்டுக்குப் போய் என்னென்ன சாமானில் தோய்த்தார்கள் என்று அம்மாக்கள் எனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

காவடியையும் யோசிக்காமல் இல்லை. வெயிலில் அத்தனை தூரம் சுமந்து வரும் சொம்புப் பால் ஏன் திரிவதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் பக்கத்தில் அவள் பாட்டி நின்றிருந்தார். விரதம் இருந்து சுமப்பவரின் சொம்பை எட்டிப் பார்த்து அளக்க எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் ஒரு டம்ளர் பாலை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்துப் பார் என்று சொன்னேன். அவள் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது, நிழல் இல்லா நாள். நம் தீவு தெற்கு அட்சரேகை 20 பாகையை ஒட்டி இருப்பதால் ஆண்டில் இரண்டு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். போர்ட் லூயிஸ், ரோஸ்ஹில் பக்கம் நவம்பர் 22-ஐ ஒட்டி ஒருமுறை, ஜனவரி 20-ஐ ஒட்டி இன்னொருமுறை. சென்னையில் இதே காட்சி ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் வரும். ஜனவரி 20 நமக்குப் பள்ளி திறந்த புதிது. கடிகாரத்தில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது அல்ல, பன்னிரண்டு இருபதை ஒட்டிப் பார்க்க வேண்டும். நம் கடிகாரம் 60 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு இரண்டரை பாகை மேற்கே இருக்கிறோம். அது பத்து நிமிடம். ஜனவரியில் சூரியன் கடிகாரத்துக்கு இன்னும் பதினோரு நிமிடம் பின்தங்கும்.

ஜனவரி 20 சனிக்கிழமையில்தான் வர வேண்டும் என்று கட்டாயமில்லையே என்பீர்கள். வராவிட்டால் இன்னும் நல்லது. முன்னே இரண்டு சனி, பின்னே இரண்டு சனி அளந்தால் போதும். ரோஸ்ஹில்லில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஜனவரி 9 நண்பகலில் நிழல் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தெற்கிலிருந்து வடக்கே விழும். 16-இல் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 23-இல் ஏறக்குறைய அதே அளவு, ஆனால் தெற்குப் பக்கம்! 30-இல் நாலரை. நான்கு புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்துக் கோடு இழுத்தால், கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் தேதி கிடைக்கும். யாரும் பார்க்காத நாளைப் பிள்ளைகள் கோட்டிலிருந்து எடுப்பார்கள்.

முதல் ஆண்டு நான் குச்சியை நட்டுச் சொதப்பினேன். குச்சி சாய்ந்திருந்தது, நிழலின் நுனியோ மங்கலாக இருந்தது. ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். மங்கலுக்குக் காரணம் இருக்கிறது. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரை பாகை அகலம். அதனால் ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் ஒன்பது மில்லிமீட்டர் வரை கரைந்துபோகும். அளக்க வேண்டியதே பதிமூன்று மில்லிமீட்டர் என்றால் என்ன செய்வது? அடுத்த ஆண்டு குச்சியை விட்டுவிட்டு, ஒரு மீட்டர் உயரத்தில் அட்டையில் சின்னத் துளை போட்டோம். துளையிலிருந்து மீன்பிடி ஈயக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் பென்சில் புள்ளி. துளை வழியாகத் தரையில் விழும் வெளிச்ச வட்டத்தின் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் அளவு. எட்டுப் பேர் அளந்தார்கள், எட்டும் இரண்டு மில்லிமீட்டருக்குள். துளை வழியாக யாரும் சூரியனை அண்ணாந்து பார்க்காமல் காவல் நிற்பதுதான் என் வேலை.

மழைமானியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டிலை வெட்டிக் கவிழ்த்தால் மழைமானி. எங்கள் பிள்ளைகள் ரோஸ்ஹில், வாக்குவா, கியூர்பிப், மேற்குக் கரை என்று பல இடத்திலிருந்து வருகிறார்கள். மூன்று மாதக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காற்று மலையேறும்போது எங்கே மழையைக் கொட்டுகிறது என்பது தானே தெரியும். முதலில் சொன்ன அந்த 828 மீட்டர் பையனுக்கு இதுதான் மருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் மெல்ட்ரம் என்பவர் போர்ட் லூயிஸ் வந்த கப்பல்களின் பதிவேடுகளை வாங்கி, எந்த நாளில் எங்கே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சேர்த்துச் சேர்த்துத்தான் இந்தியப் பெருங்கடல் புயல்களைப் புரிந்துகொள்ளப் பார்த்தார். பாம்ப்ளமூஸில் இருந்த ராயல் ஆல்ஃபிரெட் ஆய்வகம் அவர் உழைப்பில் எழுந்தது. தினம் ஒரு வரி எழுதுவது அலுப்பான வேலை என்று முறையிடும் பிள்ளைகளுக்கு நான் அவர் கதையைச் சொல்வேன்.

பருவ வேலையின் குறை எது? வானத்தை நம்பிப் பிழைப்பது. ஒரு வருஷம் மூன்று சனிக்கிழமையும் மேகம், நாலாவது சனி வார்னிங் என்று கூடத்தையே பூட்டிவிட்டார்கள். நவம்பரைப் பிடிக்கலாம் என்றால் விடுமுறைக்கு யார் எங்கே போயிருப்பார்கள் என்று தெரியாது. இன்னொன்று, பிள்ளைகள் சந்தோஷமாக அளப்பார்கள், எழுதச் சொன்னால் நழுவுவார்கள். காட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் கணக்கு முடியாமலே கிடக்கும். என் அலமாரியில் பாதியில் நின்ற மழைக் குறிப்பேடுகள் பதினொன்று இருக்கின்றன.

தமிழ்ப் பள்ளி என்பதால் எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு, பொருளாளருக்கு அது முதலில் பிடிபடவில்லை. போட்டிக்குப் போனால் பலகை ஆங்கிலத்தில், பேச்சு ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில். நான் மூன்று மாதமும் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பதுதான் உண்மை. நிழல் அளந்த வாரங்களில் உச்சிவெயில், ஈயக்குண்டு, மட்டம், சாய்வு, கிழமேற்கு எல்லாம் வாயில் வந்துவிட்டன. வீட்டில் கிரியோல் தவிர வேறு பேசாத ஒரு குட்டிப் பெண், "மிஸ், நிழல் என் காலுக்குள்ள ஓடிப்போச்சு!" என்று கத்தினாள். அவள் தானாகச் சொல்லி நான் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது.

அதனால் என் முடிவு இது. ஆறாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு வெளிப்போட்டி வேண்டவே வேண்டாம். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பிஎஸ்ஏசி பரீட்சை, டியூஷன் என்று அவர்கள் ஏற்கெனவே ஓட்டப்பந்தயத்தில்தான் இருக்கிறார்கள். முப்பத்தொரு பேரும் ஜனவரியிலிருந்து பருவத்தோடு போகட்டும். போட்டியிடமிருந்து கடைசித் தேதியை மட்டும் கடன் வாங்குகிறோம். ஜூலை விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோர் முன்னால் எல்லாரும் தங்கள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். பரிசு கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் அளவில் எங்கே தப்பு வந்தது என்று ஒன்றாவது சொல்ல வேண்டும். அதில் யாருடைய கேள்வி இன்னும் அடங்காமல் இருக்கிறதோ, ஒன்பது பத்தாம் வகுப்பில் அப்படி இரண்டு மூன்று பேராவது தேறுவார்கள், அவர்களை மட்டும் வெளிப்போட்டிக்குக் கூட்டிப்போகிறேன். பரிசு எரிமலைக்குப் போனாலும் போகும் என்று இந்த முறை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவேன்.

ஆறாயிரத்தில் குறிப்பேடுகள், இரண்டு தராசு, ஈயக்குண்டும் நூலும், பால். மிச்சம் மெட்ரோ டிக்கெட்டுக்கு. கோப்பை இல்லாமல் என்ன பேர் வரும் என்று பொருளாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொங்கலன்று கோலிக்குண்டுப் பையனுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைக்கலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜனவரியில் சூரியன் வடக்கே ஏறிக்கொண்டிருப்பதால் நிழல் இல்லா நாள் தெற்கே சுயாக்குக்கு முதலில் வரும், ஜனவரி 18-ஐ ஒட்டி. கிராண்ட் பேக்கு இரண்டு மூன்று நாள் கழித்து. ஒரே நாளில் இரண்டு ஊரிலும் அளந்தால் ஒரு மீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். வந்தால் அந்த ஒன்பது மில்லிமீட்டரையும் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவையே பிள்ளைகள் கணக்குப் போடலாம். கிராண்ட் பேயில் ஓர் ஆசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார். சுயாக் பக்கம் மட்டும் ஆள் தேவை. அட்டையும் ஈயக்குண்டும் நான் அனுப்பி வைக்கிறேன், நண்பகல் பன்னிரண்டு இருபதுக்கு வெயிலில் நிற்கத் தயாராக இருந்தால் போதும்.